ரத்தத்தில் நிற்கும் வெள்ளக் கறை: தொற்றாளருடன் நெருங்கிப் பழகியவர்களுக்கு ஆன்டிபாடி டெஸ்ட் எதற்கு, எப்போது?

"மூணாம் நாளே டெஸ்ட் எடுத்தாச்சு, நெகட்டிவ்தான், ஒண்ணும் இல்ல." கோவிட் காலத்தில் இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டேன் என்று கணக்கே இல்லை. என்ன டெஸ்ட் என்று கேட்டால், விரல் நுனியில் ஊசி குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்தார்கள், பத்துப் பதினைந்து நிமிடத்தில் கோடு விழவில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பார்கள். அதாவது ஆன்டிபாடி டெஸ்ட்.

எனக்கு நெருக்கமான ஒருவர் இதே நம்பிக்கையில்தான் வயதான தன் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினார். கூட வேலை பார்த்தவருக்குத் தொற்று உறுதியாகி மூன்று நாள்தான் ஆகியிருந்தது, இவருக்கு டெஸ்ட்டில் கோடு விழவில்லை, சரி, போகலாம் என்று போய்விட்டார். இரண்டே நாளில் இவருக்குக் காய்ச்சல், அடுத்த வாரம் அம்மாவுக்கு. அம்மா தேறி வந்துவிட்டார், ஆனால் அந்த இரண்டு வாரம் மகன் பட்ட பாட்டை நான் கூட இருந்து பார்த்தேன். கருவி பழுது, கிட் மட்டம் என்று பலர் பலவிதமாகச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தவரை கிட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதனிடம் பதிலே இல்லாத ஒரு கேள்வியைக் கொண்டுபோய்க் கேட்டதுதான் தப்பு.

அந்த டெஸ்ட்டுக்கு எந்தக் கேள்விக்குப் பதில் தெரியும், நோயாளியுடன் நெருங்கிப் பழகியவர்களுக்கு ஏன் அதை மெனக்கெட்டு எடுக்கிறார்கள், எந்த நாளில் எடுத்தால் அர்த்தம் இருக்கும் என்று அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். உயிரியல் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

வெள்ளம் நிற்கிறதா, வந்து போயிற்றா?

ஒரு தெருவுக்குள் வெள்ளம் புகுந்ததா என்று தெரிந்துகொள்ள இரண்டு வழி உண்டு. ஒன்று, தரையில் இப்போது தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பது. இன்னொன்று, சுவரில் கறைக்கோடு தெரிகிறதா என்று பார்ப்பது. தண்ணீர் புகுந்த அன்றைக்கே போனால் கால் நனையும், ஆனால் சுவரில் கறை இன்னும் படிந்திருக்காது. பதினைந்து நாள் கழித்துப் போனால் தரை காய்ந்து கிடக்கும், கறை மட்டும் முழங்கால் உயரத்துக்கு அப்படியே நிற்கும்.

சுவாச வைரஸ்களுக்கான டெஸ்ட்களும் இப்படி இரண்டு சாதி. மூக்கிலோ தொண்டையிலோ குச்சி விட்டு எடுக்கும் பி.சி.ஆர். பரிசோதனை தரையைப் பார்க்கிறது: அந்தச் சளியில் வைரஸின் மரபணுத் துணுக்கு இருந்தால் அதைப் பல கோடி மடங்கு பெருக்கிக் கண்டுபிடித்துவிடும். ஆன்டிஜென் டெஸ்ட்டும் தரையைத்தான் பார்க்கிறது, ஆனால் அது தேடுவது வைரஸின் புரதத்தை, பெருக்காமல் உள்ளதை உள்ளபடி. அதனால் தண்ணீர் கொஞ்சம் அதிகமாக நின்றால்தான் அதன் கண்ணுக்குப் படும்.

ஆன்டிபாடி டெஸ்ட் சுவரைப் பார்க்கிறது. வைரஸ் உள்ளே வந்ததற்குப் பதிலடியாக உடம்பு தானே தயாரித்த ஒரு புரதத்தை ரத்தத்தில் தேடுகிறது. அந்தப் புரதத்தின் பெயர்தான் ஆன்டிபாடி. எதிர்ப்புரதம் என்றும் எழுதுகிறார்கள். வைரஸின் மேல் இருக்கும் ஏதோ ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்வதற்கென்றே உருவாகும் புரதம் அது.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் பெயர்கள்தான். ஆன்டிஜென், ஆன்டிபாடி இரண்டும் காதில் ஒன்றுபோல விழுகின்றன, இரண்டுமே உள்ளங்கை அகல பிளாஸ்டிக் பட்டையில் கோடு காட்டுகின்றன, இரண்டையும் எல்லோரும் ரேபிட் டெஸ்ட் என்றே சொல்கிறார்கள். அடுத்த தடவை யாராவது ரேபிட் எடுத்தேன் என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மூக்கில் குச்சி விட்டார்களா, விரலில் குத்தினார்களா? குச்சி என்றால் வைரஸைத் தேடியிருக்கிறார்கள். ரத்தம் என்றால் அநேகமாக உடம்பின் பதிலைத் தேடியிருக்கிறார்கள்.

கறை படிய ஏன் இத்தனை நாள்?

ஆன்டிபாடிகளைத் தயாரிப்பவை பி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். நம் உடம்பில் கோடிக்கணக்கான வகை பி செல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை மட்டும் பிடிக்கத் தெரிந்தது. புதிதாக ஒரு வைரஸ் வந்தால் அதற்குப் பொருந்தும் பி செல்கள் மிகச் சிலதான் இருக்கும். அவை வைரஸின் துண்டைச் சந்திக்க வேண்டும், மற்ற எதிர்ப்பணுக்களிடமிருந்து உறுதி பெற வேண்டும், பிறகு ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பெரும் படையாகப் பெருக வேண்டும். அதில் ஒரு பகுதி முழுநேரமும் ஆன்டிபாடி மட்டுமே சுரக்கும் செல்களாக மாறும். அப்படி மாறிய ஒரே ஒரு செல் நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆன்டிபாடிகளை ரத்தத்தில் கொட்டும். தொடங்கிவிட்டால் வேகம்தான், தொடங்குவதற்குத்தான் நாள் பிடிக்கிறது.

ரிசல்ட் சீட்டில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய இரண்டு எழுத்துக்கூட்டங்கள் இந்த ஆன்டிபாடிகளின் வகைகள். ஐ.ஜி.எம். வழக்கமாக முதலில் வருவது, சில வாரங்களில் குறைந்துவிடும். ஐ.ஜி.ஜி. கொஞ்சம் பின்னால் வந்து மாதக்கணக்கில், சிலசமயம் ஆண்டுக்கணக்கில் நிற்கும். "ஐ.ஜி.எம். வந்தால் புதுத் தொற்று, ஐ.ஜி.ஜி. வந்தால் பழைய தொற்று" என்று ஒரு சூத்திரம் எல்லோர் வாயிலும் சுற்றியது. அதை அப்படியே நம்ப வேண்டாம். கோவிட்டில் பலருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வந்தன. அதோடு ஐ.ஜி.எம். டெஸ்ட்கள் தவறாகப் பாசிட்டிவ் காட்டுவதும் கொஞ்சம் அதிகம். மூட்டுவாத நோயாளிகளின் ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைப் புரதம்கூட அந்தக் கோட்டை வரவழைத்துவிடும்.

இப்போது நாள் கணக்குக்கு வருவோம். கோவிட் முதலில் பரவிய காலத்தில், வைரஸ் உள்ளே போனதற்கும் அறிகுறி தெரிவதற்கும் சராசரியாக ஐந்து நாள் இடைவெளி, சிலருக்கு 14 நாள் வரை. அறிகுறி தெரிந்த பிறகு பெரும்பாலோருக்கு ஆன்டிபாடி அளவிடும்படி ஏற இன்னும் ஒன்றிலிருந்து மூன்று வாரம். இரண்டையும் கூட்டுங்கள். ஒருவருடன் நெருங்கிப் பழகிய மூன்றாம் நாளில், தொற்று வந்திருந்தாலும்கூட, ஆன்டிபாடி டெஸ்ட்டில் கோடு விழ வாய்ப்பே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே வைரஸ் இருந்தும் ஆன்டிபாடி தெரியாத இந்த இடைவெளிக்கு ஜன்னல் காலம் என்று பெயர். அந்த மகன் அம்மா வீட்டுக்குப் போனது இந்த ஜன்னல் காலத்தில்.

இந்தக் காத்திருப்பு புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 2003-ல் கோவிட்டின் உறவுக்கார நோயான சார்ஸ் பரவியபோது, ஒருவருக்குத் தொற்று இல்லை என்று ஆன்டிபாடியை வைத்துச் சொல்ல, அறிகுறி தொடங்கி 21 நாள் கடந்து எடுத்த ரத்தம் வேண்டும் என்றது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். சிலருக்கு அதற்கும் தாமதமாக ஆன்டிபாடி வருவது தெரிந்ததும் அந்த வரம்பை 28 நாளாக மாற்றியது. நெகட்டிவ் என்று சொல்லவே நான்கு வாரம்!

ஆக இதுவரை பார்த்தது: குச்சி டெஸ்ட் "இப்போது வைரஸ் இருக்கிறதா" என்று கேட்கிறது, ரத்த டெஸ்ட் "வைரஸ் வந்து போனதா" என்று கேட்கிறது, இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்க வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

நெருங்கிப் பழகியவர்களிடம் என்ன விசேஷம்?

நெருங்கிய தொடர்பு என்பதற்கு ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு அமைப்பும் ஒரு வரையறை வைத்திருக்கும். கோவிட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்தது, தொற்றாளரிடமிருந்து ஒரு மீட்டருக்குள் 15 நிமிடத்துக்கு மேல் நேருக்கு நேர் இருந்தது. ஒரே வீட்டில் வசிப்பவர்கள், பாதுகாப்பு உடை இல்லாமல் நோயாளியைக் கவனித்தவர்கள் இயல்பாகவே இதற்குள் வருவார்கள். அந்த வட்டத்தில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டவரை முதல் நோயாளி என்று வைத்துக்கொள்வோம். முதலில் கண்டுபிடிக்கப்பட்டவர்தான் முதலில் தொற்று வாங்கியவர் என்று அர்த்தமில்லை. இதை ஞாபகத்தில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

ஊர்மக்களில் யாரையோ பிடித்து ரத்தம் எடுத்தால், அவருக்கு எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல வழியில்லை. நெருங்கிப் பழகியவர் அப்படி இல்லை. அவர் எந்த நாளில், எத்தனை மணி நேரம், எந்த அறையில் தொற்றாளருடன் இருந்தார் என்று எழுதி வைத்திருப்பார்கள். சுவரில் கறை வந்தால், எந்த மழைக்கு வந்தது என்று சொல்ல முடிகிற ஒரே இடம் இதுதான்.

அதனால் ஒரு புது வைரஸ் கிளம்பும்போது எல்லோரும் தவிப்போடு கேட்கும் கேள்விகள் பல இவர்களின் ரத்தத்தில்தான் அடங்கியிருக்கின்றன. ஒருவர் வீட்டில் இருக்கும் எத்தனை பேருக்குக் கொடுக்கிறார்? அறிகுறியே இல்லாமல் எத்தனை பேர் வாங்கிக்கொள்கிறார்கள்? குழந்தைகளுக்கு வருவதில்லையா, வந்தும் தெரிவதில்லையா? மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் நோய் உண்மையைவிடக் கொடியதாகத் தெரியும், ஏனென்றால் லேசாக வந்து போனவர்கள் கணக்கிலேயே இருக்க மாட்டார்கள். அந்த விட்டுப்போனவர்களைத் தேடிக் கணக்கில் சேர்ப்பதுதான் இந்த டெஸ்ட்டின் உண்மையான வேலை.

குச்சி டெஸ்ட்டே போதாதா என்று கேட்கலாம். தினமும் எடுத்தால் ஓரளவு போதும். ஆனால் வைரஸ் மூக்கில் இருப்பதே கொஞ்ச காலம்தான், அதற்கு முந்தியோ பிந்தியோ குச்சி விட்டால் ஒன்றும் கிடைக்காது. தினமும் குச்சி விட எந்த ஊரில் ஆள் இருக்கிறது?

2020 பிப்ரவரியில் சிங்கப்பூரில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். அங்கே இரண்டு தேவாலயங்களைச் சுற்றித் தனித்தனியாகத் தொற்று பரவியிருந்தது. ஒன்றில் வூஹானிலிருந்து வந்த பயணிகள் கலந்துகொண்டிருந்தார்கள், அதனால் அதன் மூலம் தெரியும். இன்னொன்றுக்கு எங்கிருந்து வந்தது என்று பிடிபடவில்லை. தொடர்புத் தடம் தேடியவர்கள், ஜனவரி 25 அன்று நடந்த ஒரு சீனப் புத்தாண்டுக் குடும்பச் சந்திப்பில் இரண்டு தரப்பாரும் சேர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். சந்தேகம் ஒரு தம்பதியின் மேல் விழுந்தது. ஆனால் அவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனது ஜனவரி இறுதியில், அதற்குள் தேறியும் விட்டார்கள். டியூக்-என்.யு.எஸ். மருத்துவப் பள்ளியின் ஆய்வகம் அவர்களின் ரத்தத்தில் ஆன்டிபாடியைப் பார்த்த பிறகுதான் இவர்களுக்கு முன்பே தொற்று வந்து போனது உறுதியாயிற்று, இரண்டு கூட்டமும் ஒரே சங்கிலி என்பதும் தெரிந்தது. முதலில் கண்டுபிடிக்கப்பட்டவர் முதலில் வாங்கியவராக இருக்க வேண்டியதில்லை என்று சொன்னேன் அல்லவா, அது இதுதான்.

ஒரு தடவை ரத்தம் எடுத்தால் போதாதா?

போதாது, என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் மக்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தைத்தான். சுவரில் கறை இருக்கிறது, சரி. இந்த வருடக் கறையா, போன வருடக் கறையா? இந்த வெள்ளத்துக்கு முன்பே சுவரைப் படம் எடுத்து வைத்திருந்தால் மட்டுமே சொல்ல முடியும்.

ஆய்வில் அந்தப் படம்தான் முதல் ரத்த மாதிரி. முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டதும், முடிந்தால் அதே வாரத்தில், நெருங்கிப் பழகியவர்களிடம் ஒரு மாதிரி எடுப்பார்கள். பிறகு மூன்று நான்கு வாரம் கழித்து அதே ஆளிடம் இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நாளில் ஒரே தட்டில் சோதிப்பார்கள், நாளுக்கு நாள் வரும் சின்ன வேறுபாடுகள் குழப்பக்கூடாது என்பதற்காக. இதை ஜோடி மாதிரி என்பார்கள். முதலாவதில் இல்லாத ஆன்டிபாடி இரண்டாவதில் தோன்றியிருந்தால் அது செரோகன்வர்ஷன், அதாவது அண்மையில்தான் தொற்று வந்திருக்கிறது.

முதலாவதிலேயே கொஞ்சம் இருந்தால்? அப்போது எவ்வளவு ஏறியது என்று அளக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் மை கரைத்து, பாதியை எடுத்து அதே அளவு நல்ல தண்ணீரில் கலந்து, அதில் பாதியை எடுத்து மறுபடி கலந்து என்று போய்க்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் நிறம் தெரியாமல் போகும். மை எவ்வளவு கெட்டியாக இருந்ததோ அத்தனை படிகள் தாண்டி நிறம் தெரியும். ரத்தத்திலும் அதேதான். ரத்தம் உறைந்த பின் மேலே தெளிந்து நிற்கும் சீரம் என்ற நீரை 10 மடங்கு, 20, 40, 80, 160 என்று இரட்டிப்பாக நீர்த்துக்கொண்டே போவார்கள். எந்தப் படி வரைக்கும் ஆன்டிபாடி வேலை செய்கிறதோ அந்த எண்ணுக்கு டைட்டர் என்று பெயர்.

ஃப்ளூவுக்கு இதைச் செய்யும் பழைய முறை ஒன்றைக் கிட்டே போய்ப் பார்த்தால் இன்றைக்கும் அழகாக இருக்கும். சின்னச் சின்னக் குழிகள் கொண்ட தட்டில், ஒவ்வொரு குழியிலும் நீர்த்த சீரம், கொஞ்சம் வைரஸ், கொஞ்சம் சிவப்பணுக்கள். ஃப்ளூ வைரஸுக்குச் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் குணம் உண்டு. ஆன்டிபாடி போதுமான அளவு இல்லாத குழியில் வைரஸ் அணுக்களை வலைபோலக் கோத்துவிடும், குழி முழுக்க மங்கலான இளஞ்சிவப்பாகத் தெரியும். ஆன்டிபாடி போதுமான அளவு இருந்தால் வைரஸின் கை கட்டப்பட்டுவிடும், சிவப்பணுக்கள் தம் பாட்டுக்கு அடியில் இறங்கி ஒரு குட்டிச் சிவப்புப் பொத்தான் போல உட்கார்ந்திருக்கும். தட்டைச் சாய்த்தால் அந்தப் பொத்தானிலிருந்து கண்ணீர்போல ஒரு கோடு வழியும். வரிசையில் எத்தனை பொத்தான் என்று எண்ணினால் டைட்டர் கையில்.

முதல் மாதிரியில் 20, இரண்டாவதில் 40 என்றால் தொற்று என்று சொல்ல மாட்டார்கள். ஒரு படி வேறுபாடு கைத்தவறிலும் வரும். 20 என்பது 80 ஆகி, அதாவது இரண்டு படி தாண்டி நான்கு மடங்கு ஏறினால்தான் தொற்று என்று எடுத்துக்கொள்வார்கள். "நான்கு மடங்கு உயர்வு" என்று எங்கேயாவது படித்தால் காரணம் இதுதான்.

முன்பே கறை இருப்பது அபூர்வமான விஷயமா என்றால், கிடையாது. 2009-ல் புதிய எச்1என்1 ஃப்ளூ பரவியபோது, அமெரிக்காவில் அதற்கு முன்பே சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். 1950-க்கு முன் பிறந்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு அந்த வைரஸை எதிர்க்கும் டைட்டர் 80 அல்லது அதற்கு மேல் இருந்தது. இளம் வயதில் அதன் பழைய உறவுக்கார வைரஸ்களைச் சந்தித்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் தொற்றாளரின் வீட்டில் இருந்து, ஒரே ஒரு மாதிரி எடுத்துப் பாசிட்டிவ் என்று எழுதியிருந்தால், பேரனிடமிருந்து தாத்தாவுக்குப் பரவியது என்று ஒரு பொய்க்கதை உருவாகியிருக்கும். ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் இன்னும் மோசம், இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் வந்துவிடும். பெரியவர் ஒருவரிடம் அதற்கு ஆன்டிபாடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

கணக்கிலும் இது பிழை கொண்டுவரும். ஆறு பேர் உள்ள வீடு. ஒருவர் முதல் நோயாளி, மற்ற ஐந்து பேரிடம் ரத்தம் எடுக்கிறோம். நான்கு வாரம் கழித்து இரண்டு பேருக்கு ஆன்டிபாடி இருக்கிறது. ஐந்தில் இரண்டு, 40 சதவீதம் பரவியது என்று எழுதத் தோன்றும். ஆனால் முதல் மாதிரியைத் திறந்து பார்த்தால் அந்த இருவரில் ஒருவருக்கு முன்பே அதே அளவு ஆன்டிபாடி இருந்திருக்கிறது, ஏறவே இல்லை. அவரைக் கணக்கிலிருந்தே எடுக்க வேண்டும். மிச்சம் நான்கில் ஒன்று, 25 சதவீதம். முதல் நோயாளியிடமிருந்து அவரைச் சுற்றியுள்ளவர்களில் எத்தனை பேருக்குப் பரவியது என்ற இந்த விகிதத்துக்கு இரண்டாம் நிலைத் தொற்று விகிதம் என்று பெயர்.

சுருக்கமாக, ஒரு மாதிரி "என்றைக்கோ வந்தது" என்று மட்டும் சொல்லும், "இப்போதுதான் வந்தது" என்று சொல்ல இரண்டு மாதிரி வேண்டும்.

பாசிட்டிவ் என்றால் பாசிட்டிவ்தானே?

எந்த டெஸ்ட்டும் இரண்டு விதமாகத் தவறும். தொற்று வந்தவரைத் தவறவிடலாம், வராதவரை வந்ததாகச் சொல்லலாம். வந்தவர்களில் எத்தனை சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கிறது என்பதைக் கண்டறியும் திறன் என்போம். வராதவர்களில் எத்தனை சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்பதைப் பிரித்தறியும் திறன் என்போம்.

இரண்டும் 95 சதவீதம் உள்ள ஒரு டெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நெருங்கிப் பழகிய 2,000 பேரிடம் எடுக்கிறோம், அவர்களில் உண்மையில் 100 பேருக்குத் தொற்று வந்து போயிருக்கிறது. அந்த 100-ல் 95 பேருக்குப் பாசிட்டிவ். மீதி 1,900 பேருக்குத் தொற்றே இல்லை, ஆனால் அவர்களில் 5 சதவீதம் பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும், அதுவும் 95 பேர். மொத்தம் 190 பாசிட்டிவ், அதில் சரிபாதி பொய். 95 சதவீதத் துல்லியம் என்று பெட்டியில் அச்சடித்திருக்கும், கையில் கிடைப்பது பூவா தலையா.

டெஸ்ட் மட்டம் என்பதால் வந்த நிலைமை இல்லை இது. தொற்று வராதவர்கள் எண்ணிக்கையில் மிக அதிகம் என்பதால், சின்னச் சதவீதத் தவறே பெரிய கூட்டமாகிவிடுகிறது. அதே டெஸ்ட்டைப் பாதிப் பேருக்குத் தொற்று வந்த இடத்தில் எடுத்தால் பாசிட்டிவ்களில் 95 சதவீதம் உண்மையாக இருக்கும்.

தவறான பாசிட்டிவ் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் உறவுக்கார வைரஸ்களிடமிருந்து. சாதாரண ஜலதோஷம் கொடுக்கும் நான்கு கொரோனா வைரஸ்கள் மனிதர்களிடையே எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு உண்டான ஆன்டிபாடி சிலசமயம் புது வைரஸின் புரதத்தோடும் லேசாக ஒட்டிக்கொள்ளும், இயந்திரம் அதைப் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் நல்ல ஆய்வுகளில் முதல் டெஸ்ட்டில் பாசிட்டிவ் வந்தவர்களை மட்டும் வேறு முறையில் இன்னொரு தடவை பார்ப்பார்கள். நம் 190 பேரை முதல் டெஸ்ட்டோடு சேர்ந்து ஒரே இடத்தில் தவறாத, இதே 95 சதவீதம் உள்ள இன்னொரு டெஸ்ட்டில் போட்டால் உண்மையானவர்களில் சுமார் 90 பேர் தேறுவார்கள், பொய்யானவர்களில் சுமார் 5 பேர்தான் தப்பி வருவார்கள். பாதிக்குப் பாதி இருந்தது இருபதில் பத்தொன்பது சரி என்றாகிவிடுகிறது. செலவு பிடித்த வேலைதான், ஆனால் இது இல்லாமல் வெளிவரும் எண்களை நான் நம்புவதில்லை.

தடுப்பூசி போட்டவர்கள், கைக்குழந்தைகள்

தடுப்பூசியும் ஆன்டிபாடியை உண்டாக்கத்தான் போடுகிறோம், அப்புறம் டெஸ்ட்டில் எப்படிப் பிரிப்பது? வைரஸின் எந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி என்று பார்த்தால் ஓரளவு பிரிக்கலாம். பல கோவிட் தடுப்பூசிகள் வைரஸின் மேலுள்ள முள் போன்ற ஸ்பைக் புரதத்தை மட்டுமே உடம்புக்குக் காட்டுகின்றன. வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் என்ற புரதம் அவற்றில் கிடையாது. அந்தத் தடுப்பூசி போட்டவரின் ரத்தத்தில் உள்புரதத்துக்கு ஆன்டிபாடி இருந்தால் நிஜ வைரஸையே சந்தித்திருக்கிறார் என்று ஊகிக்கலாம். முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரிக்கும் தடுப்பூசி போட்டவர்களிடம் இந்த வித்தை பலிக்காது, அதில் இரண்டு புரதமும் உண்டு.

கைக்குழந்தைக்குப் பாசிட்டிவ் வந்தால் பதற வேண்டாம். ஐ.ஜி.ஜி. நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும், பிறந்து சில மாதங்கள் நிற்கும். அது அம்மாவின் வரலாறாக இருக்கலாம்.

ஆன்டிபாடி இருந்தால் இனி வராதா?

ஆன்டிபாடி ஒட்டிக்கொள்வது வேறு, வைரஸைச் செல்லுக்குள் நுழையவிடாமல் தடுப்பது வேறு. தடுக்கும் வகைக்கு நடுநிலையாக்கும் ஆன்டிபாடி என்று பெயர், சாதாரணக் கோடு காட்டும் டெஸ்ட்டால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆன்டிபாடி குறைந்த பின்னும் நினைவு செல்கள் காவலுக்கு இருக்கும், அவற்றையும் இந்த டெஸ்ட் பார்ப்பதில்லை. ஆன்டிபாடி உள்ளவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்து வெளியே விடலாம் என்ற பேச்சு 2020-ல் பல நாடுகளில் கிளம்பியது. அதற்கு ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டு ஏப்ரல் 24-ல் சொன்னது. பிறகு வந்த உருமாறிய வைரஸ்கள் ஆன்டிபாடி இருந்தவர்களையும் திரும்பத் தாக்கின.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் இன்னும் பரப்புகிறார் என்றும் அர்த்தமில்லை, பரப்பவில்லை என்றும் அர்த்தமில்லை. தரையைப் பார்க்காமல் சுவரை மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று யாரும் சொல்ல முடியாது. தனிமைப்படுத்தலை முடிப்பதா வேண்டாமா என்ற முடிவில் இந்தச் சீட்டுக்கு வேலை கிடையாது.

இரண்டாவது ஊசி

இந்த மாதிரி ஆய்வுகளில் பெரிய தலைவலி ஆய்வகத்தில் இருப்பதில்லை. முதல் ஊசிக்கு எல்லோரும் பயத்தில் கை நீட்டிவிடுகிறார்கள். நான்கு வாரம் கழித்துக் கூப்பிட்டால், "எனக்கு ஒன்றும் வரவில்லையே, நன்றாகத்தான் இருக்கிறேன், எதற்கு மறுபடி குத்துகிறீர்கள்" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். யாராவது பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட.

பதில் இருக்கிறது. மெர்ஸ் என்ற கொரோனா வைரஸ் 2012-ல் சவூதி அரேபியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டது. மருத்துவமனைக்கு வந்தவர்களில் பலர் இறந்தார்கள், அதனால் வீட்டில் உள்ளவர்களுக்கு எவ்வளவு பரவுகிறது என்று தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. அங்கே 26 முதல் நோயாளிகளின் வீடுகளில் இருந்த 280 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2014-ல் வெளியானது. குச்சியும் விட்டார்கள், ரத்தமும் எடுத்தார்கள். 280 பேரில் தொற்று பரவியிருக்கலாம் என்று தெரிந்தது 12 பேருக்கு, சுமார் 4 சதவீதம். அந்த 12-ல் 7 பேரைப் பி.சி.ஆர். பிடித்தது, அத்தனையும் முதல் நோயாளிக்கு அறிகுறி தொடங்கி 14 நாளுக்குள் எடுத்த மாதிரிகள். மீதி 5 பேரை ஆன்டிபாடிதான் காட்டிக்கொடுத்தது, அத்தனையும் 13 நாளோ அதற்கு மேலோ ஆன பின் எடுத்த ரத்தம்.

ஏழோடு நிறுத்தியிருந்தால் பரவும் வேகத்தைக் கிட்டத்தட்ட பாதியாகக் குறைத்து எழுதியிருப்பார்கள், அந்த எண்ணை நம்பி வேறெங்கோ ஒரு மருத்துவமனை தன் முன்னெச்சரிக்கைகளை முடிவு செய்திருக்கும். அந்த ஐந்து பேர், தாமதமாக ஒரு ஊசிக்குக் கை நீட்டியதால் மட்டும் கணக்கில் வந்தவர்கள்.